வெண்டல் மறைத்த படகுக் கடன்

அமெரிக்காவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் வெண்டல், நாட்டின் ரகசியங்களையெல்லாம் தானே சுமக்கிற தோரணையில் மாமனார் வீட்டு விருந்தில்கூட வாய் திறக்கமாட்டார். ராணுவ ரகசியங்களைக் கையாள அவருக்குத் தந்திருந்த ரகசிய அனுமதியைப் புதுப்பிக்க வந்த விசாரணை அதிகாரி, அவர் கட்டாமல் விட்ட படகுக் கடனைத் தோண்டி எடுத்துவிட்டாள்.

வெண்டல் கெஞ்சினார். "தவணை போட்டுக் கட்டிடறேன் மேடம். அனுமதி போனா வேலையும் போயிடும்."

"கட்டுங்க. ஆனா மறைச்சு வெச்ச கடன்தான் ஆபத்து. அதைச் சொல்லியே எவனாவது மிரட்டி ரகசியம் கறப்பான். வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"படகு தம்பியோடதுன்னு சொல்லியிருக்கேன்."

"இப்பவே போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க."

வெண்டல் போனை ஸ்பீக்கரில் போட்டு உண்மையைச் சொன்னார்.

மனைவி டோரீன் சிரித்தாள். "தண்ணியப் பார்த்தாலே வாந்தியெடுக்கற உன் தம்பிக்குப் படகா? உன் கடன் கதை தெருவுக்கே தெரியும், போய்யா!"

ரகசியம் காக்கத் தெரியாததால் வெண்டலின் ரகசிய அனுமதி பிழைத்தது.