டிக்கிப் பெட்டியை யாரும் தொடலை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் உயரும், காரணத்தை அப்புறம்தான் தேடுவேன். கல்யாணமான மூன்றாம் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள் என் பெண்டாட்டி தேவசேனா. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் பதினெட்டு வருஷம் பவர்லூம் தறியில் நின்றவன் நான். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை என்று சாக்குச் சொல்லிக்கொள்வேன். தறியை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்ட வந்து ஆறு வருஷம் ஆகிறது. தொண்டை மட்டும் இன்னும் தறிக் கொட்டகையிலேயே நிற்கிறது.

எங்கள் மகள் ஹரிதாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பன்னிரண்டு வயசு. திருப்பதியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், விடுதியில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் நான் போய் அழைத்து வருவேன். போன வருஷம் தேவசேனாவின் தம்பி முரளி என் காரை ஒரு நாள் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டான். அவன் புத்தூரில் ஏசி மெக்கானிக். சாயங்காலம் பார்த்தால் டிக்கியில் பெரிய சப்வூஃபர் பெட்டி, பக்கத்தில் அதை இயக்குகிற ஆம்ப்ளிஃபயர். நான் கேட்கவே இல்லை. பாப்பாவுக்கு, என்றான், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ஹரிதா பின் சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு மேளப் பாட்டைப் போட்டேன். பெட்டி அதிர ஆரம்பித்ததும் அவள் முதுகை நிமிர்த்தினாள், சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பிறகு உள்ளங்கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அதே தாளம், ஒரு அடிகூடப் பிசகவில்லை. நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். ரோடு தெரிந்தால்தானே ஓட்ட முடியும்.

அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசலில் என் காரைக் கண்டாலே பிள்ளைகள் ஓடிவந்து டிக்கி மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நடனம் சொல்லித் தருகிற பிரித்திகா டீச்சர் இதைப் பார்த்துவிட்டார். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் டீச்சரின் கையைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். அவர் மேடைக்குக் கீழே நின்று விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார், பத்துப் பேரும் அந்த விரலையே முறைத்துக்கொண்டு ஆடுவார்கள். இந்த வருஷம் உங்கள் பெட்டியைப் பலகை மேடை மேல் வைத்துவிடலாமா, தாளம் கால் வழியாக ஏறிவிடும், பிள்ளைகள் சபையைப் பார்த்து ஆடலாம் என்று கேட்டார். முன் வரிசையில் நடுவில் ஹரிதா. நான் வேண்டாம் என்றா சொல்வேன்?

அங்கேதான் ஆரம்பித்தது தொல்லை. ஒத்திகை நாட்களில் காரை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, நீளமாக ஒயர் இழுத்துப் பெட்டியை மேடையில் வைப்போம். இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ நன்றாக அதிரும். திடீரென்று செத்துவிடும். தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல் பத்துப் பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே உயிர் வரும், திரும்பவும் போகும்.

முரளியை வரவழைத்தேன். அவன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, யாருனா ஒயரைத் தொட்டீங்களா?" என்பதுதான்.

"யாரும் தொடலை," என்றேன்.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், நான் மாட்டினபோது சரியாக இருந்தது, நடுவில் எங்கோ ஒயரில் கோளாறு என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் மேலேயா பழி போடுகிறாய்? குரல் ஏறிவிட்டது. அன்றைக்கு நான் பேசியதில் எல்லாவற்றையும் மறந்துவிடலாம், ஒன்றைத் தவிர. "சும்மா வந்ததுதானே, அதான் இப்படி இருக்குது," என்றேன். தேவசேனா கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் முரளி எழுந்து போனான். மூன்று மாதமாக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

திருப்பதியில் மூன்று கடைகளுக்குப் போனேன். ஒருவர் ஃபியூஸை மாற்றினார். ஒருவர் சூடு தாங்கவில்லை என்று ஆம்ப்ளிஃபயர் தலைமேல் சின்னதாக ஒரு ஃபேனை வைத்தார். மூன்றாமவர் இது போயே போச்சு, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார். மூன்று பேருமே யாராவது ஒயரைத் தொட்டீர்களா என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னேன். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு. தைத்த உடையைப் போட்டுப் பார்க்க ஹரிதா வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். ஃபேன் வைத்தபிறகு வீட்டு வாசலில் இரண்டு தடவை முழுப் பாட்டும் ஓடியிருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெம்பு. புத்தூர் தாண்டி மறுபடி போட்டுப் பார்த்தேன். வடமாலபேட்டை நெருங்கும்போது செத்துவிட்டது.

கண்ணாடியில் ஹரிதாவைப் பார்த்தேன். சீட்டின் மேல் விரித்து வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் சைகையில் ஏதோ சொன்னாள். என்ன என்றேன். பரவாயில்லையாம், டீச்சர் விரலைப் பார்த்தே ஆடிக்கொள்வார்களாம், நைனாவைத் திட்ட வேண்டாம் என்று சொல்லு என்கிறாள், என்றாள் தேவசேனா. நான் யாரையும் திட்டக் கூடாது என்றா, அவள் நைனாவான என்னை யாரும் திட்டக் கூடாது என்றா என்று நான் கேட்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் வலித்தது.

ரோட்டோரம் பேட்டரி, ஆட்டோ எலக்ட்ரிகல் என்று ஒரு கடை. ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். பலகையில் ஸ்வர்ணலதா என்று பேர் போட்டிருந்தது, அது அவர்தான். "ஏமைந்தி அண்ணா?" என்று தெலுங்கில் என்ன ஆச்சு எனக் கேட்டவர், என் பதிலைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். நான் மூன்று மாதக் கதையையும் கொட்டினேன். யாரும் தொடவில்லை என்பதையும் சேர்த்துத்தான். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாட்டைப் போடுங்கள், நிற்கிறவரை ஒன்றும் பேசாதீர்கள் என்றார்.

டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கையே பார்த்தபடி நின்றார். இரண்டாவது நிமிஷத்தில் பெட்டி நின்றது. விளக்கும் அணைந்தது. அவர் தலையாட்டினார். சூடு ஏறினாலோ உள்ளே கோளாறு என்றாலோ அந்த விளக்கு சிவப்பாக மாறும், இது மாறவில்லை, தூங்கிவிட்டது, யாரோ அதைத் தூங்கச் சொல்கிறார்கள், என்றார். மீட்டரை வைத்துத் தடிமனான இரண்டு ஒயர்களையும் பார்த்தார், சரியாக இருந்தன. பிறகு ஒரு மெல்லிய நீல ஒயரைக் காட்டினார். முன்னாலிருக்கிற பாட்டுப் பெட்டியிலிருந்து வருவது. பாட்டு ஓடுகிறது, எழுந்திரு என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்வது இதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு ஒயரால் நேராகக் கரண்ட் கொடுத்தார். பாட்டு முழுசாக ஆறு நிமிஷமும் ஓடியது. ஹரிதா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்படியானால் கோளாறு நீல ஒயரில் எங்கோ இருக்கிறது. அவர் பின் சீட்டைத் தூக்கி, தரை விரிப்பைப் புரட்டி, ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார், அப்படி ஒரு சிரிப்பு.

"அண்ணா, உங்களுக்கு நகரியா?"

ஊர்ப் பேரை நான் சொல்லவே இல்லை. ஆமாம் என்றேன். தறியில் நின்றீர்களா என்றார். ஆமாம் என்றேன். ஒயரைத் தூக்கிக் காட்டினார். நீல ஒயரில் சின்னதாக, இறுக்கமாக, வால் இரண்டையும் ஒட்ட வெட்டிய ஒரு முடிச்சு. தறியில் இழை அறுந்தால் போடுவோமே, அதே முடிச்சு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தசராவுக்கு முன்னால் காரைக் கழுவும்போது சீட்டுக்கடியில் எலி கடித்து ஒரு ஒயர் அறுந்து கிடந்தது. இரண்டு முனையையும் பல்லால் கடித்துத் தோலை உரித்து, முடிச்சுப் போட்டு, வாலை வெட்டி, விரிப்பை மூடிவிட்டு அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன். பத்து விநாடி ஆகியிருக்குமா? ஒரு நாளைக்கு இருநூறு இழைக்கு முடிச்சுப் போட்டவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? தொட்டீர்களா என்று கேட்டால் தொட்டதாகவே தோன்றாது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் முரளியைத் துரத்தியது நான் போட்ட முடிச்சுத்தான்.

நூலுக்கு அறுந்த முனை இரண்டும் சேர்ந்து நின்றால் போதும், ஒயருக்குச் செம்பும் செம்பும் அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும், நீங்கள் வாலை வேறு வெட்டிவிட்டீர்கள், பெட்டியும் இன்ஜினும் அதிர அதிர உள்ளே விலகுகிறது, என்று விளக்கினார் ஸ்வர்ணலதா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானும் எட்டு வருஷம் நகரித் தறியில நின்னவதான் அண்ணா. இங்க கட்டிக்கினு வந்த புதுசுல டேபிள் ஃபேன் ஒயரை இப்படித்தான் முடிச்சுப் போட்டு வெச்சேன். எங்க வீட்டுக்காரரு இன்னும் சொல்லிக் காட்றாரு," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

முடிச்சை வெட்டி எடுத்து, ஒயரைப் பற்றவைத்து, மேலே உறை போட்டு மூடிக் கொடுத்தார். இருபது நிமிஷம். எவ்வளவு என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாப்பா ஆடுவதைப் போனில் அனுப்புங்கள், அது போதும் என்றார். கை கூப்பினேன். குரல் உயரவில்லை, வரவே இல்லை. வெட்டிய முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் ஏறியதும் முரளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். என் மேல் இருக்கிற கோபத்தில் எடுக்கமாட்டேன் என்கிறான் என்றேன். தேவசேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வண்டி ஓட்டிக்கினு இருப்பான்," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மேடைக்குப் பின்னால் காரை நிறுத்தினேன். அங்கே முரளி நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் ஒரு ஆம்ப்ளிஃபயரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், அறுத்த கொடி மாதிரி ஒயர்கள் தொங்கின. தன் காரிலிருந்து விடியற்காலையில் கழற்றி எடுத்து வந்திருக்கிறான். ஹரிதா முந்தின நாளே மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், நைனா பெட்டி நடுவில் நின்றுபோனாலும் போகும், நீ வா மாமா என்று. அவன் அக்கா தேவசேனாவுக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். ஹரிதா இறங்கி ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"முரளி, நீ மொத நாளே சொன்ன. ஒயரை நான்தான் கட்டினேன். நான் பேசினது தப்பு," என்றேன்.

அப்புறம் பேசலாம் மாமா, முதலில் பெட்டியை இறக்குங்கள் என்றான்.

மேளம் ஆரம்பித்தது. நான் மேடையோரம் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, அதன் மேல் கை வைத்திருந்தேன். இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். எப்போதும் செத்துப்போகிற இடம் வந்தது. தாண்டிவிட்டது. பத்துப் பிள்ளைகளின் இருபது கால்களும் ஒரே அடியாக விழுந்தன. பிரித்திகா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார், யாருக்கும் அவர் விரல் தேவைப்படவில்லை. ஹரிதா சபையைப் பார்த்து ஆடினாள். முகத்தை இவ்வளவு நிமிர்த்தி அவள் ஆடி நான் பார்த்ததில்லை. கடைசி அடியோடு நின்றாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி நெஞ்சில் இரண்டு தடவை தட்டினாள். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் முரளி அந்த ஆறு நிமிஷமும் ஆம்ப்ளிஃபயரைக் கீழே வைக்காமலே நின்றிருந்தான்.

கூட்டம் கலைந்தபின் பையிலிருந்த முடிச்சை எடுத்து அவனிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தான். விடவில்லை.

இந்தப் பெட்டி மாட்டிய நாளில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். ரொம்ப நன்றிடா முரளி, என் பெண்ணுக்கு மேளத்தைக் கொடுத்தவன் நீ, என்றேன்.

அவன் முடிச்சைத் தன் பையில் போட்டுக்கொண்டான். "சும்மா வந்ததுதானே மாமா," என்றான், "அதான் இப்படி இருக்குது."