பூச்சியாக இருக்கட்டும்

பிளாஸ்டிக் தட்டை அலுமினியத் தாளால் மூடி, பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தபோது, பரிசோதனைக்கூட ஜன்னலில் அந்தத் தையல்காரி நான்காவது முறையாக வந்து நின்றாள். மாடி வார்டில் இருக்கும் பள்ளி வேன் டிரைவரின் மனைவி. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் வலிப்பு வந்து அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்கேனில் மூளையில் ஒரு புள்ளி. கட்டியாக இருக்கலாம், நாடாப்புழுவாகவும் இருக்கலாம் என்றாராம் டாக்டர். கட்டியென்றால் மண்டையைத் திறக்க வேண்டும்.

"பூச்சியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன் அக்கா. இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முடிவை டாக்டர்தான் சொல்வார் என்று பழைய பல்லவியையே பாடி அனுப்பிவைத்தேன்.

டிரைவரின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர், தட்டின் இரண்டு சின்னக் குழிகளில் இருந்தது. புழுவை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் அதில் இருந்தால் குழி நீலமாகும். இல்லாவிட்டால் தண்ணீர் போலவே கிடக்கும். நேற்று, நிறம் மாறவே கூடாத ஒப்பீட்டுக் குழியும் நீலமாகித் தொலைத்ததால் மொத்தத் தட்டும் குப்பைக்குப் போனது. மிச்சமிருந்த நீர் இன்றோடு காலி. இதுவும் சொதப்பினால் மறுபடி அவர் முதுகில் ஊசி இறக்க வேண்டும். இருபது வருடமாக, வந்த நிறத்தை எழுதிக்கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். இன்று எனக்கு நீலம் வேண்டியிருந்தது.

தாளை விலக்கினேன். ஒப்பீட்டுக் குழி தெளிவாக இருந்தது. அவருடைய இரண்டும் நல்ல நீலம். இயந்திரமும் அதையே சொன்னது. வழக்கமாக ஊழியரிடம் கொடுத்தனுப்பும் முடிவுத் தாளை இன்று நானே எடுத்துக்கொண்டு படியேறினேன்.

ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தால் பூச்சிதான், மாத்திரையில் சரியாகும் என்று டாக்டர் சொன்னதும் அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முகம் மாறியது.

"அதெப்படி டாக்டர் எங்க வீட்ல பூச்சி வரும்? தினம் ரெண்டு வேளை தரை துடைக்கிறேன். காயை நாலு தண்ணில அலசுறேன்."

யார் கை வழியாகவும், எந்தக் கடைச் சாப்பாட்டிலும் அந்தப் புழுவின் முட்டை வந்திருக்கலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவள் சமாதானமாகவில்லை. நாள் முழுக்க வேண்டி வாங்கிய பூச்சி, கைக்கு வந்ததும் மானப் பிரச்சினையாகிவிட்டது.

படுக்கையிலிருந்து டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "உன் தம்பி வீட்டு விருந்துலதான் வந்திருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம்."

"வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றாள். ஈரத்துண்டை எடுத்து அவர் கையை ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு விடாமல், அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் அடுத்த கையையும் நீட்டினார்.