முப்பது அடித் தெரு

எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது. அதனால எங்க டவுன் பஞ்சாயத்து புது மாஸ்டர் பிளான் வரைவ வெப்சைட்ல போட்டதும் மொத ஆளா டவுன்லோடு பண்ணது நானாத்தான் இருக்கும். மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டை தாண்டி வர்ற எங்க நெடுவயல்பட்டி, நான் ஸ்கூல் போறப்ப நாலே தெரு. இப்ப வயலெல்லாம் பிளாட்டாகி எது ஊரு எது காடுன்னே தெரியல. போன்ல மேப்ப ரெண்டு விரலால இழுத்து இழுத்துத் தேடுறேன், எங்க தெரு வந்துச்சு. பழைய மேப்ல மஞ்சக் கலர். மஞ்சன்னா வீடு மட்டுந்தான் இருக்கணும். புது மேப்ல ஆரஞ்சு. ஆரஞ்சுன்னா வீடும் இருக்கலாம், கடையும் சின்னப் பட்டறையும் இருக்கலாம்.

எங்களுக்கு அந்த ஆரஞ்சு வேணும். எங்கண்ணன் ஜினோ வீட்டு முன்னாடியே வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். கேட்டு, ஜன்னல் கிரில்னு ஊரு வளர வளர அவனுக்கும் வேலை. எதிர்வீட்டு துளசிராம் சார் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, கட்டிங் மிஷின் சத்தத்துல மதியம் கண்ணு மூட முடியலன்னு மனு மேல மனு போட்டாரு. மஞ்சத் தெருவுல பட்டறை கூடாது, காலி பண்ணுன்னு நோட்டீஸ் வந்துருச்சு. அண்ணன் படிச்சுட்டு, "மூடச் சொன்னா கத்தாருக்குப் போயிர்றேன்"னு, கடைக்குப் போயிட்டு வாரேங்கிற மாதிரி சொன்னான். பாஸ்போர்ட்ட எடுத்து டிவி பக்கத்துல வச்சுட்டான். நான் எந்தச் சேனல் பாத்தாலும் அதுதான் தெரியுது.

ஆரஞ்சு ஆயிருச்சுல்ல, அப்புறம் என்னன்னு பாத்தா கீழ பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருந்தான். ஆரஞ்சுத் தெருவுக்கு முப்பது அடி அகலம் வேணும், நேர்ல வந்து அளந்துதான் முடிவு பண்ணுவாங்க.

பட்டறை டேப்ப எடுத்துக்கிட்டு ஓடினேன். இருபத்திரெண்டு அடிதான் வருது. எப்படி வரும்? எங்க தெருவுல யாரு வீடு கட்டுனாலும், ரோடு போடப் போட ஒசரும்னு மூணடி மேடு போட்டுத்தான் கட்டுவாங்க. அம்புட்டு ஒசரத்துல இருந்து எறங்கணும்ல, படியும் சரிவும் தெருவுல வந்து நிக்கும். ரெண்டு பக்கமும் அப்படித்தான்.

"படிய ஒடைக்கணும்"னு வீடு வீடாப் போயிச் சொன்னேன். மொத சிவபாண்டி அண்ணே.

"காரத் தலையில தூக்கி வச்சு ஏத்தவா?"

"ஏத்துனாத்தானண்ணே? வாங்குனதுல இருந்து ஷெட்டுலதான நிக்குது."

"ஏய், வாய் ரொம்ப நீளுது."

"உங்க முன் ரூம்புல ஜெராக்ஸ் கடை ஓடுதுல்ல, மஞ்சத் தெருவுல அதுவும் கூடாதாம்."

அன்னைக்கே சரிவ இடிச்சுட்டாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, எங்க தெருவுல முன் ரூம்புல எதுவும் விக்காத வீடே இல்ல. மாவு, டியூஷன், தையல். நான் ஒவ்வொரு வாசல்லயும் போயி இதையே சொன்னேன், அண்ணன் பின்னாடியே சம்மட்டியோட வந்தான்.

துளசிராம் சார் வீட்டுப் படிதான் இருக்குறதுலயே பெருசு. அவரு பேப்பர மடிச்சு வச்சுட்டுக் கேட்டாரு, "உங்கண்ணன் பட்டறை ஓடுறதுக்கு நான் ஏம்மா என் படிய ஒடைக்கணும்?"

நியாயந்தான். உள்ள இருந்து அவரு வீட்டம்மா கனகலட்சுமி ஆன்ட்டி எட்டிப் பாத்தாங்க. அவங்க ரூம் பூரா சுங்குடிச் சேலை, வாட்சப்புல போட்டு விக்கிறாங்க.

"ஆரஞ்சுன்னா வாசல்ல போர்டு வைக்கலாமா ஜெனிஷா?"

"தாராளமா வைக்கலாம் ஆன்ட்டி."

அவங்க சௌராஷ்டிரா பாஷையில ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, சாரோட மூஞ்சி மட்டும் புரிஞ்சுச்சு. மறுநாள் காலையில ஆன்ட்டி கையக் காட்டிக் கூப்பிட்டாங்க. "அவரு என் தங்கச்சிய பஸ் ஏத்திவிட மாட்டுத்தாவணி போயிருக்காரு. வர்றதுக்குள்ள முடிச்சுருங்க."

முடிச்சுட்டோம். சார் திரும்பி வந்து, மஞ்சப் பையோட தெருவுல நின்னு தன் வாசல அண்ணாந்து பாத்தாரு.

"நான் எப்படி ஏற?"

அண்ணன் ஒரு பெயிண்ட் டப்பாவக் கவுத்துப் போட்டுக் கையக் குடுத்தான். அவன் மூஞ்சியவே பாக்காம கையப் புடிச்சு ஏறினாரு. ஏறினவரு அப்புறம் எறங்கவே இல்ல. வாசல்ல சேரப் போட்டு எங்க பட்டறையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல, அவருக்கு இருந்துச்சான்னு தெரியல.

மறுநாள் பஞ்சாயத்துல இருந்து அளக்குறதுக்கு ஒரு மேடமும் டேப் புடிக்க ஒருத்தரும் வந்தாங்க. தெருவே கூடிருச்சு. மேடம் டேப்ப இந்தப் பக்கக் காம்பவுண்டு சுவத்துல வச்சு, அந்தப் பக்கக் காம்பவுண்டு வரைக்கும் இழுக்கச் சொன்னாங்க. "முப்பது. சரியா இருக்கு"ன்னு எழுதிட்டு, தெருவெல்லாம் கெடந்த செங்கலப் பாத்தாங்க. "என்ன இது, எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல வேலை நடக்குது?"

"அகலத்துக்காக ஒடைச்சோம் மேடம்"னு சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு ஒடைச்சீங்க? நாங்க படியெல்லாம் கணக்குல எடுக்க மாட்டோம். சுவத்துக்குச் சுவருதான்."

எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. சிவபாண்டி அண்ணே மெதுவா, "நல்லா படிச்ச போ"ன்னாரு. அந்தச் செங்கக் குவியலுக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

மேடம் பேனாவத் தொறந்தாங்க. "தெருவ ஆரஞ்சா மாத்துறதுல யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?"

"இருக்கு."

வாசல் மேல இருந்து துளசிராம் சார். எனக்கு டிவி பக்கத்துல இருக்குற பாஸ்போர்ட் ஞாபகம் வந்துருச்சு.

"கீழ வந்து சொல்லுங்க சார், கையெழுத்துப் போடணும்"னாங்க மேடம்.

"எறங்க வழியில்லையே."

அண்ணன் பட்டறைக்குள்ள போனான். ஒரு இரும்புப் படியத் தூக்கிட்டு வந்தான், மூணு மிதி, கைப்பிடியோட. ராத்திரி பட்டறையில லைட்டு எரிஞ்சது இதுக்குத்தான் போல. சார் வாசல்ல கொக்கிய மாட்டி நிறுத்துனான், வேண்டாம்னா சுவத்தோட மடக்கி வச்சுக்கலாமாம். சார் மொத மிதியில காலை வச்சு ஆட்டிப் பாத்தாரு. ஆடல. கைப்பிடியத் தடவிக்கிட்டே எறங்கி வந்தாரு.

"எழுதிக்கங்க. மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கட்டிங் மிஷின் ஓடக் கூடாது."

"அதெல்லாம் பிளான்ல எழுத முடியாது சார். நீங்களே பேசிக்கங்க."

சார் அண்ணனத் திரும்பிப் பாத்தாரு. அண்ணன் தலைய ஆட்டினான்.

"அப்ப வேற ஆட்சேபணை இல்ல."

மேடம் அங்குட்டு நகந்ததும் சிவபாண்டி அண்ணே அந்தப் படிக்கிட்ட குனிஞ்சு கொக்கிய இழுத்து இழுத்துப் பாத்தாரு. "மாப்ள ஜினோ, கார் ஏறுற மாதிரி இதுல ஒண்ணு வருமா?" பின்னாடியே மாவுக்கடை அக்கா, டியூஷன் சாரு. எல்லா வீட்டுக்கும் வேணுமாம், இன்னைக்கே வேணுமாம்.

அண்ணன் மிஷின ஆன் பண்ணப் போனான். துளசிராம் சார் இரும்புப் படியில மூணாவது மிதியில உக்காந்துக்கிட்டு வாட்ச அவன் பக்கம் திருப்பிக் காட்டினாரு. மணி ரெண்டு.

நான் வீட்டுக்குள்ள ஓடிப் போயி பாஸ்போர்ட்ட எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். திரும்ப வந்தா தெருவே நாலு மணிக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, என்னாலதான் சும்மா நிக்க முடியல.