காது மிஷினுக்கு ஒரு பேட்டரி

ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு அன்று காலை விரல் ஆடியது. பசி மயக்கம் என்று நினைத்தார். சாப்பிட்ட பிறகும் நிற்கவில்லை. தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி இரண்டு தடவை அறுந்தது. இந்தக் கையை வைத்துத்தானே இத்தனை வருஷமும் சோறு!

கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பார்த்தபடி நின்ற மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "சரி, சரி" என்றாள் அவள். "கை கழுவிட்டு வாங்க." காதில் மிஷின் இல்லை.

மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஏன், யாராவது வர்றாங்களா?"

"யாரும் வரல. நான்தான் பேசணும்."

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தாள். "நீங்கதானே? இதுக்குப் போயி எதுக்கு வீணா?"

அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தான். தெருவே அவரைப் பிசினாறி என்று கூப்பிடுவது சும்மாவா? மகள் மிஷின் வாங்கிக் கொடுத்த அன்று, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரிக்கு இந்த விலையா என்று வாயைப் பிளந்தவர், "விருந்தாளி வந்தா மட்டும் மாட்டிக்கோ. நமக்குள்ள என்ன பெரிய பேச்சு?" என்று சட்டம் போட்டுவிட்டார். அந்த மகராசியும் அப்படியே பழகிக்கொண்டாள்.

அவரே மிஷினை எடுத்துப் பார்த்தார். உயிரில்லை. பேட்டரி வாங்கிய கடைக்கு ஓடினார்.

"போன மாசந்தானே சார் வாங்கினீங்க?"

"மாட்டறதே இல்லப்பா. எப்படித் தீரும்?"

"ஸ்டிக்கரை உரிச்சாலே காத்து பட்டுத் தீர ஆரம்பிச்சிடும் சார். மாட்டாம வெச்சாலும் தீர்ந்துதான் போகும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியென்றால் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. அவளிடம் பேசாமல் விட்டதெல்லாம் தண்டம். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பேரம் பேசாமல் ஒரு அட்டை பேட்டரி வாங்கினார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டில் அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கரை உரித்தார். பேட்டரி குழிக்குள் போவேனா என்றது. விரல் ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் நழுவியது.

"குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள். அவர் விரல்களையே பார்த்தாள்.

"என்னங்க இது? எப்பலேருந்து?"

அவர் வாயைத் திறந்தார். பேட்டரி கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் குனியவில்லை. அவள் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளும் அது ஆடிக்கொண்டிருந்தது.