சிவப்பு ஸ்விட்சும் சிமெண்ட் மேடும்

டிரைவிங் டெஸ்டில் தையல்காரி மூன்று முறை தோற்றாள். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான்: மைதானத்து மூலையில் இருந்த சிமெண்ட் மேடு. பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அவளுடைய கிழட்டுக் கார் முக்கி முனகி, அங்கேயே அணைந்துவிடும்.

நான்காவது டெஸ்டுக்கு முந்தின நாள் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றாள். தம்பி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் ஓட்டுகிறவன்.

"என்ன செய்வியோ தெரியாது. நாளைக்கு வண்டி மேடு ஏறணும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு தன் பந்தயக் காரிலிருந்த நீல சிலிண்டரைக் கழற்றி, அக்காவின் டிக்கியில் மாட்டி, எஞ்சின் வரை குழாய் இழுத்தான். கியருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் வைத்தான்.

"நைட்ரஸ், அக்கா. பல் டாக்டர் வச்சிருப்பாரே சிரிப்பு வாயு, அதேதான். எஞ்சினுக்குள்ள போனா ஆக்சிஜன் கூடும், பெட்ரோல் வெறி பிடிச்ச மாதிரி எரியும்."

"எஞ்சின் சிரிக்குமா?"

"கத்தும். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ரெண்டே செகண்டு அமுக்கு. அதுக்கு மேல போச்சு, எஞ்சினும் போச்சு."

மறுநாள் காலை, பாதி மேட்டில் வண்டி நின்றது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பேனாவோடு தயாராக இருந்தார். "ம், கிளப்புங்க" என்று கொட்டாவி விட்டார்.

மிதித்தாள், அமுக்கினாள். வண்டி போட்ட கூச்சலில் எண்ண மறந்துவிட்டாள். விரல் ஸ்விட்சிலேயே ஒட்டிக்கொண்டது. கார் மேட்டைத் தாண்டி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஒரு கணம் பறந்து, தடாலென்று விழுந்து, நேர்கோட்டில் ஓடி, மதிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. முன்பக்கமிருந்து புகை வந்தது. இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

அவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

"ஐயோ, கேஸ் லீக் ஆயிடுச்சா சார்?" என்று பதறினாள் அவள்.

"என்ன கேஸ்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். டிக்கியைத் திறந்து பார்த்தவர், கண்ணைத் துடைத்தபடியே "பெயில்" என்று எழுதினார்.

"மேடு ஏறினேனே சார்!"

"ஏறினதைவிட பறந்ததுதாம்மா அதிகம். ஆனா ஒண்ணு, ஸ்டியரிங் இம்மி அசையல. நல்ல கை. ஒழுங்கான வண்டில வாங்க."

அவளுடைய எஞ்சின் அன்றோடு முடிந்தது. குற்ற உணர்ச்சியில் தம்பி தன் பந்தயக் காரையே கொடுத்தான், சிலிண்டர் இல்லாமல். ஐந்தாவது டெஸ்டில் அவள் மேட்டில் பூப்போல ஏறி இறங்கினாள், பாஸானாள்.

சாயங்காலம் தம்பி கையை நீட்டினான். "சாவி, அக்கா."

"லைசென்ஸ் இருந்தா பந்தயத்துல யாரு வேணா ஓட்டலாம்தானே?"

"ஓட்டலாம். ஏன்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் தர்றேன். அந்த நீல சிலிண்டரை இதுல திருப்பி மாட்டிடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கார்களில் எட்டாவதாக வந்தாள். ஸ்விட்சை இரண்டு செகண்டுக்கு மேல் தொடவில்லை. இறங்கியபோது முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

"எட்டாவதுக்கா இவ்ளோ சிரிப்பு?" என்றான் தம்பி.

"ஒருத்தனை முந்திட்டேன்டா!"