சுவர் யாருடையது

பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்து, பன்னிரண்டு மூச்சுக் கருவிகளையும் வார்டுக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக நிறுத்திய பிறகுதான் முதல் குழாயை எடுத்துச் சுவரில் செருகிப் பார்த்தேன். போகவில்லை. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஆக்ஸிஜன் வரும் வாய் ஒரு அளவு, மத்திய அரசு அனுப்பிய கருவியின் குழாய் முனை வேறு அளவு. நடுவில் ஒரு பித்தளை இணைப்பு இருந்தால் போதும். கட்டைவிரல் நீளம்கூட வராது. நான் மாநில அரசு ஆஸ்பத்திரியில் கருவி மெக்கானிக், பதினாறு வருட சர்வீஸ். அன்றைக்கே கடைசல் பட்டறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 'குழாய் முனை பொருந்தவில்லை. அனுப்பியவர்களே மாற்றித்தர வேண்டும்.' பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

குஷிக்குக் காரணம் அத்தான். அக்காவின் கணவர். அந்தக் கருவிகளை அனுப்பிய மத்திய அரசு மருந்துக் கிடங்கில் அவர்தான் எழுத்தர். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தொற்றுநோய் வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு இதே பேச்சு. பணமெல்லாம் உங்களிடம், பிணமெல்லாம் எங்களிடமா என்பேன் நான். கொடுத்ததை ஒழுங்காகப் பயன்படுத்தத் துப்பில்லை என்பார் அவர். அக்கா எங்களுக்குப் பெயரே வைத்துவிட்டாள். "சென்டர், தட்டை எடுங்க. ஸ்டேட்டு, மேஜையைத் துடை. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டம்ளர் கழுவ மாட்டீங்க, நாட்டைக் காப்பாத்தப் போறாங்களாம்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'கருவிகளில் குறை இல்லை. சுவர் மாநில அரசுக்குச் சொந்தமானது. எனவே சுவரில் உரிய மாற்றம் செய்துகொள்ளவும்.' அன்று மதியம் அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட்டார். "எப்படி மாப்ளே நம்ம பதில்?" எனக்குச் சுருக்கென்றது. அவர்தான் எழுதினார் என்றால் நான் மட்டும் சளைத்தவனா? மறுநாளே இரண்டாவது கடிதம் போனது. அவரும் இரண்டாவது பதில் போட்டார். இப்படியே இருபத்திரண்டு நாள். கருவிகளைத் துணி போட்டு மூடியிருந்தோம். அந்த நாட்களில் வார்டிலிருந்து எத்தனை பேரைப் பிணமாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள் என்று நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். மேலே இருப்பவர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயம் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வியாழக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை காலை பாத்ரூமிலிருந்து கட்டில்வரை நடக்க அவளுக்கு மூச்சு போதவில்லை. எங்கள் வார்டிலேயே ஏழாம் எண் கட்டில் கிடைத்தது. வார்டு டாக்டரம்மா வெள்ளைக் கோட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் போட்டிருந்தார், குரல் மட்டும்தான் தெளிவாக வந்தது.

"மாஸ்க்ல குடுக்குற ஆக்ஸிஜன் பத்தலை. வெளியூருக்கு அனுப்பலாம்னா எங்கயும் இடமில்ல. மெஷின் இருந்தா சமாளிக்கலாம்." வராந்தாவைப் பார்த்தார்.

அத்தான் வராந்தாவுக்கு வந்து ஒரு கருவியின் துணியை விலக்கினார். கிடங்கில் அவர் பார்த்ததெல்லாம் மூடிய பெட்டியும் அதன் எண்ணும்தான்.

"இதுவா மாப்ளே?"

"இதுதான்."

"இதுல எது பொருந்தல?"

குழாய் முனையை அவர் கையில் கொடுத்து, சுவரில் இருந்த வாயைக் காட்டினேன். செருகிப் பார்த்தார். மறுபடியும் செருகிப் பார்த்தார். எவ்வளவு பெரிய சாமான் வேண்டும் என்று கேட்டார். கட்டைவிரலைக் காட்டினேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஏதோ சுவத்தையே இடிக்கணும்னு நெனச்சேன்டா."

"நீங்கதான அத்தான் அப்படி எழுதினீங்க."

"ஆமா. நானேதான் எழுதினேன்."

அத்தானின் வண்டியில் கடைசல் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ஊரடங்குக்குப் பயந்து ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கினார். நான் அளவு சொன்னேன். எண்ணெய்க் குப்பியை எடுத்தவரைத் தடுத்தேன். ஆக்ஸிஜன் போகிற வழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடிக்கும். எண்ணெய் விடாமல் மெதுவாகத்தான் கடைய வேண்டும். கடைந்து முடித்ததும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய அத்தானையும் தடுத்தேன். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். அவர் பட்டறைக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். நான்காவது முறையும் கழுவப் போனவரை நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

முதல் இணைப்பு பதினொன்றரைக்குத் தயாரானது. நன்றாகக் கழுவி, காய வைத்து, சுவரில் செருகினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், கசிவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஏழாம் கட்டிலைப் பார்க்கவில்லை.

"நாலாம் நம்பர் பஸ் டிரைவருக்குப் போடுங்க. அவருக்கு இன்னும் மோசம்."

என் கையாலேயே அவருக்குப் பொருத்தினேன். ஏழாம் கட்டிலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பேச மூச்சில்லை. அந்த நிமிடம் அந்தப் பஸ் டிரைவரை நான் வெறுத்தேன், முன்பின் தெரியாத மனுஷனை. உடனே என்னையும் வெறுத்தேன். வெளியே வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

இரண்டாவதைக் கடைந்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பித்தளைச் சுருள்கள் தரையில் உதிர்ந்துகொண்டே இருந்தன. அத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சூடு ஆறாத அந்தத் துண்டைச் சுத்தமான துணியில் சுற்றி, திரும்பும் வழியெல்லாம் நான் வண்டி ஓட்ட, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கருவி ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் மூச்சுக்காக எக்கிக்கொண்டிருந்த அக்காவின் தோள்கள் இறங்கின. பிழைத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அத்தானும் நின்றோம். அக்கா கண்ணைத் திறந்து, சுவரில் மின்னிய பித்தளையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்து மெல்லக் கையை விரித்தாள். யார் செய்தது?

நான் அத்தானைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

சாப்பாட்டு மேஜையில் பார்ப்பாளே, அதே பார்வை. விரலைத் தூக்கி எங்கள் இருவருக்கும் பின்னால் காட்டினாள். திரும்பிப் பார்த்தோம். வராந்தாவில் பத்துக் கருவிகள் துணி மூடியபடி நின்றிருந்தன.