ஜன்னலோரத்து ரீடு

தங்கை வீட்டு மாடியில் ஒத்திகை நடக்கும் பின்னறை ஜன்னலில் ஈரமான ரீடு ஒன்று கிடந்ததைப் பார்த்த அன்றே சாக்ஸபோன்காரனுக்குத் தூக்கம் போயிற்று. ஊதுவாயில் கட்டும் அந்தப் பட்டை அவனுடையதல்ல. தங்கையின் கணவனோ கிட்டார்காரன். கிட்டார்காரனுக்கு ரீடு எதற்கு, மொட்டைத் தலைக்குச் சீப்பு மாதிரி? வேறு எவனோ இந்த அறையில் ஊதிவிட்டுப் போயிருக்கிறான்.

மாப்பிள்ளையும் அவனும் சேர்ந்து போஸா நோவா என்ற பிரேசில் மெல்லிசையில் இசைத்தட்டு போடப் போகிறார்கள். அடுத்த வாரம் ஒலிப்பதிவு. ஹோட்டல்களில் யாரும் காது கொடுக்காமல் ஊதியே பாதி வயதைக் கழித்தவனுக்கு, பெயர் போட்டு வரப்போகும் முதல் தட்டு அது. கத்தினால் கெட்டுப்போகும் இசை; காதோடு பேசுகிறாற்போல் ஊத வேண்டும். அதற்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். ஆசை யாரை விட்டது.

சந்தேகம் வந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் சாட்சிதான். "மச்சான், ரெண்டாவது பாட்டுல எங்க மூச்சு எடுக்கறே?" என்று மாப்பிள்ளை முன்பு கேட்டது இப்போது உறைத்தது. புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே கேட்டிருப்பான்? தங்கைக்குப் போன் போட்டான்.

"நான் இல்லாதப்ப அங்க யாராவது சாக்ஸ் ஊதறாங்களா?"

"அவரையே கேட்டுக்கோண்ணே," என்றாள், சிரிப்பை அடக்கிய குரலில். கட்டிக்கொடுத்த பிறகு தங்கையும் அந்தப் பக்கந்தான் என்று அவனுக்கு மனம் கசந்தது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். ஹோட்டலில் உடன் வாசிக்கும் இன்னொரு கிட்டார்காரனைப் பிடித்து எல்லாப் பாட்டையும் பழக்கினான். நீ ஆள் வைத்தால் எனக்கும் ஆள் உண்டு என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்டிவிட, சொல்லாமல் கொள்ளாமல் அவனையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினான்.

"நீ கீழ நில்லு. கொஞ்சம் பொறுத்து மேல வா."

படியேறும்போதே கேட்டது. சாக்ஸபோன்தான். ஆனால் அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது. கன்றைத் தொலைத்த பசு. இப்படி ஊதுகிறவனையா எனக்குப் பதிலாகப் பிடித்தான் என்று குழம்பிப்போய்க் கதவைத் தள்ளினான்.

மாப்பிள்ளைதான் நின்றிருந்தான், கழுத்தில் வாடகைச் சாக்ஸபோன், முகமெல்லாம் வியர்வை. அறையில் வேறு யாருமில்லை.

"பாத்துட்டியா," என்று அசடு வழிந்தான். "நம்ம ஒத்திகைப் பதிவைக் கேட்டேன் மச்சான். நீ மூச்சு எடுக்கற இடத்துலயும் நான் கிட்டாரைத் தட்டிக்கிட்டே இருக்கேன், உன்னை விரட்டற மாதிரி. எங்க மூச்சு முட்டும்னு நானே ஊதிப் பாத்தாத்தானே தெரியும்?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பே."

சாக்ஸபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டாரை மடியில் எடுத்தான். "ரெண்டாவது பாட்டு. சும்மா ஊது."

ஊதினான். மூச்சு தீரும் இடத்தில் கிட்டார் ஒதுங்கி வழிவிட்டது. இத்தனை வருஷத்தில் எவனும் அவனுக்காக இப்படி ஒதுங்கியதில்லை. வாசித்து முடித்ததும் ஜன்னலோரத்து ரீடை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முதுகில் ஒன்றரை என்று அச்சிட்டிருந்தது. புதிதாகக் கற்பவர்கள் கட்டுகிற மெல்லிய ரீடு. அன்றைக்கே திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. கீழே நிறுத்தியவனை மறந்தே போயிருந்தான்.

கிட்டார் பையோடு வாசலில் வந்து நின்றவன், "இப்ப வாசிச்சது ரெண்டாவது பாட்டுதானேண்ணே? அது எனக்கு நல்லாவே பழகிடுச்சு," என்றான்.

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியை வந்தவன் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்க," என்றான். "மூணாவது வரி முடிவுல அவர் மூச்சு எடுப்பார். அங்க மட்டும் தட்டாதீங்க."